ஜலமண்டலத்தின் குரல்

சைபுதீன் கொச்சி மட்டாஞ்சேரியின் தண்ணீரை நிறுத்தியது ஒரு வியாழக்கிழமை காலை, சாயா குடித்து வாயைத் துடைத்த கையோடு. வேண்டுமென்று செய்யவில்லை. ஓர் ஊரின் தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்துகிற அளவுக்கு அவனுக்கு அதிகாரம் இருந்திருந்தால், முதலில் வீட்டில் ஜுமைலா அவனை மதித்திருப்பாள்.

அவனுக்கு இருந்ததெல்லாம் ஓர் ஆட்டோ. அதன் தலைமேல் முன்பக்கம் பார்த்து ஒன்றும் பின்பக்கம் பார்த்து ஒன்றுமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர். இலவசக் கண் பரிசோதனை, பள்ளிவாசல் கந்தூரி, கோயில் பொங்கல், புது லாட்டரிக் கடை, காணாமல் போன ஆடு, நாளைக்குத் தண்ணீர் வராது என்கிற வார்டு அறிவிப்பு என்று அந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் முதலில் அவன் குரலில்தான் நடக்கும், பிறகுதான் நிஜத்தில். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. பேசிப் பதிவு செய்து, பென்டிரைவில் ஏற்றி, வண்டியில் செருகி, சந்து சந்தாக உருட்டிக்கொண்டு போவான்.

அன்றைக்குச் செருக வேண்டியது கண் முகாம். செருகியது வேறு. இரண்டு பென்டிரைவும் ஒரே சிவப்பு. எர்ணாகுளம் பிராட்வேயில், ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று கூவியவனிடம் வாங்கியவை. இலவசமாக வந்த எதுவும் அவனை இதுவரை நிம்மதியாக விட்டதில்லை.

ஸ்பீக்கர் இரண்டும் வெளியே பார்த்து இருப்பதால், வண்டிக்குள் இருப்பவனுக்கு ஒரு உறுமல்தான் கேட்கும். தவிர, இத்தனை வருஷத்தில் தன் குரலைக் கேட்காமல் இருக்க அவன் காது பழகிவிட்டது. ஜுமைலாவின் காதும் அப்படியே. ஆகவே பஜார் ரோட்டில் தொடங்கி, அரிசிக் கடைகளைத் தாண்டி, யூதர் தெருவான ஜூ டவுன் முனைவரை போய்த் திரும்பும்வரைக்கும், தான் என்ன சொல்லிக்கொண்டு போகிறோம் என்பது சொன்னவனுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது.

“கவனிக்கவும். இது ஜலமண்டலத்தின் குரல். இன்று மாலை முதல் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் மட்டுமே அனுமதி. அதற்குமேல் வைத்திருப்பவர்களைப் பற்றித் தகவல் தரும் அண்டை வீட்டாருக்கு, அவர்களுடைய குடம் வழங்கப்படும்.”

ஜலமண்டலம் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு டிபார்ட்மெண்ட் புதிதாக முளைக்கிற காலம். இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு விளக்கினார்கள். குடம், வாளி, அண்டா, பிளாஸ்டிக் டிரம், குழந்தை குளிக்கிற தொட்டி எல்லாம் நிரம்பின. மதியத்துக்குள் மேல்நிலைத் தொட்டி காலி. மாலையில் நிஜமாகவே குழாயில் காற்று வந்தது. “கரெக்டா சொன்னீங்க இக்கா” என்று ஹோட்டல்காரர் ஒருவர் அவனுக்குக் கை கொடுத்தார். பக்கத்து வீட்டு நீல டிரம்மை ஒருவர் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று.

விஷயம் தெரிந்ததும் சைபுதீன் மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு, காலையில் சொன்னது தவறு, யாரும் பயப்பட வேண்டாம் என்று சந்து சந்தாகச் சொன்னான். மறைக்கிறார்கள் என்று ஊர் இன்னும் இரண்டு குடத்தைத் தேடி எடுத்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. அந்தப் பதிவை முதலிலிருந்து போடச் சொல்லிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நாடகமா?”

“ஆமா சார். மொபைல்ல கேக்கற நாடகம்.”

“பாக்கிக் கதை என்ன?”

“தெரியாது சார்.”

எஸ்.ஐ. கண்ணைத் திறந்தார். “குரல் உன்னோடதுதானே?”

“என்னோடது சார். கதை எனக்குத் தெரியாது.”

இதைவிடச் சந்தேகத்துக்குரிய பதிலை அந்த ஸ்டேஷன் அந்த வாரம் கேட்டிருக்காது. ஆனால் அது உண்மை. இனிமேல் இப்படி நடந்தால் மைக் பெர்மிஷன் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாசல்வரை வந்தபோது, “கதை தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லு” என்றார்.

அந்த நாடகத்தை எழுதி நடத்துகிறவன் ஃபயாஸ், சைபுதீனின் அக்கா மகன். ஜூ டவுனில் வெள்ளைக்காரர்களுக்கு மொபைல் கவர் விற்கிறான். நாடகத்தின் பெயர் ‘உப்புக் காலம்’. சில வருஷம் கழித்து, கடல் உள்ளே வந்து கொச்சியின் எல்லாக் கிணறும் உப்பாகிவிடுகிறது. நல்ல தண்ணீரை ஜலமண்டலம் என்கிற அதிகாரம் பூட்டி வைத்துக்கொள்கிறது. தினமும் காலையில் ஒரு குரல் உத்தரவு போடுகிறது. அந்தக் குரல் சைபுதீன்.

இவர்கள் வேலை செய்கிற விதம் ஒரு தனி விதம். ஃபயாஸ் தமிழ் பேசுவான். எழுதுவது மலையாளத்தில்தான் வரும். சைபுதீனுக்கு இரண்டு எழுத்தும் தடவித் தடவித்தான் வரும். கூட நடிக்கிற சரோஜம்மாவுக்கு பஸ் போர்டுக்கு மேலே எதுவும் வராது. ஆகவே காகிதமே கிடையாது. அவரவர் வசனத்தை ஃபயாஸ் தானே பேசி, அவரவர் போனுக்கு அனுப்புவான். கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டியது. ஒருத்தர் வசனம் இன்னொருத்தருக்குப் போகாது, கதை வெளியே கசிந்துவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை, சுக்குக் கிடங்கு மூடியிருக்கிற நேரத்தில், ஒவ்வொருவராக உள்ளே போய், சுவராக அடுக்கின சாக்குகளுக்கு நடுவில் நின்று பேசிவிட்டு, தும்மிவிட்டு, பின் கதவு வழியாகப் போய்விட வேண்டும். சாக்குக்கு நடுவில் பேசினால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தவன் மொபைல் ரிப்பேர் ஷாஜி; சத்தமெல்லாம் அவன் பொறுப்பு. சைபுதீன் ஆசையாகக் கேட்டதற்காக, அவன் பேசிய பங்கை மட்டும் சிவப்புப் பென்டிரைவில் ஏற்றித் தந்தவனும் ஷாஜிதான். கிடங்கில் பேச முதலாளியிடம் அனுமதியும் சாவியும் வாங்கித் தந்தவள், அங்கேயே சுக்கு பொறுக்குகிற சரோஜம்மா.

நாடகத்தில் சரோஜம்மா, கட்டிலுக்கு அடியில் தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிற பெண்ணாக வந்தாள். “இதை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க” என்று அவள் சொன்னதைக் கேட்டு ஷாஜியே ஒரு தடவை பட்டனை அமுக்க மறந்துவிட்டான். ஆனால் யாரிடம் கெஞ்சுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. எந்தக் குரலுக்குப் பயந்து நடித்தாளோ, அந்தக் குரலின் வசனம் ஒன்றைக்கூட அவள் கேட்டதே இல்லை.

அதனால்தான் வியாழக்கிழமை காலை அது தெருவோடு போனபோது, அவளும் நம்பினாள். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி, பாசியில் வழுக்கி, இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள்.

தான் நடிக்கிற நாடகத்துக்கே பயந்து கையை ஒடித்துக்கொண்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தான் நடிக்கிற நாடகத்தைத் தெரியாமல் வண்டியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய், கூட நடிக்கிறவளின் கையை ஒடித்தவனும் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மறுநாள் அவன் நேந்திரம்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவர் பாலையா, அவள் புருஷன். கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழத்தை வாங்கிக்கொண்டார், ஆளை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே சரோஜம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவன், “பழம் இன்னும் ரெண்டு நாள் போனா நல்லாப் பழுக்கும் அக்கா” என்றான்.  இன்னும் கொஞ்சம் பழத்தைப் பற்றியே பேசிவிட்டு வந்துவிட்டான்.

இதுவரை நடந்தது விபத்து. இதற்குப் பிறகு நடந்ததுதான் சைபுதீனின் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவனுக்கு வசனம் வரவில்லை. கடைசிப் பாகம் மட்டும்தான் பாக்கி. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மீன்கடைக்காரர் அனுப்பிய காலை வணக்கம் வந்தது. ஃபயாஸ் அனுப்பியது எதுவும் வரவில்லை.

வெளியே சொல்ல அவனுக்கு வெட்கம், ஆனால் அந்த வேஷத்தை அவன் அவ்வளவு விரும்பினான். இத்தனை வருஷமாக அவன் அறிவித்ததெல்லாம் அடுத்தவர் சமாசாரம். அடுத்தவர் கல்யாணம், அடுத்தவர் கண், அடுத்தவர் ஆடு. சாக்குகளுக்கு நடுவே நின்று “கவனிக்கவும்” என்று சொல்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவன் சொல்வது அவன் சொல்வதாக இருந்தது. “மாமா, நீங்க இல்லாம இந்த நாடகமே இல்ல” என்று ஃபயாஸ் முதல் நாள் சொன்னான். இப்போது நாடகம் இருக்கிறது. மாமாதான் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்களா, இல்லையா? அவனுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த வழியாகப் போக ஒரு வேலையும் இல்லாததால், சைபுதீன் அந்த வழியாகப் போனான். கிடங்கின் ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கவாட்டுச் சந்தில் வண்டியை அணைத்துவிட்டு, செருப்பில் ஏதோ குத்தியதுபோலக் குனிந்து நின்றான். உள்ளே ஷாஜி பதிவு செய்ததைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. தகரத்தைத் தாண்டிக் கொஞ்சம் மங்கலாக வந்தது.

“ம்க்கும். க…வனிக்கவும்.”

சைபுதீன் நிமிர்ந்தான். அது அவனுடைய கனைப்பு. அந்த முதல் எழுத்தில் ஒரு இழுப்பு இருக்கிறதே, அதுவும் அவனுடையது. வசனத்துக்கு நடுவில் அரை மூச்சு விடுகிற இடமும் அவன் விடுகிற இடமே.

“இது ஜலமண்டலத்தின் குரல். உங்கள் வாசலில் ஒருவன் நிற்கிறான். நல்லவன் என்று சொல்வான். கதவைத் திறக்காதீர்கள்.”

இந்த வசனத்தை அவன் பேசியதே இல்லை. வாசலில் நின்றுகொண்டு, தன்னைப் பற்றித் தானே உள்ளே இருந்து எச்சரிப்பதைக் கேட்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?  வண்டியைச் சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய், பிறகு ஸ்டார்ட் செய்தான்.

மெஷின் என்று அவனுக்குப் பட்டது. கொஞ்ச நேரம் பேசின குரல் கையில் இருந்தால் போதும், அதை வைத்து எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம் என்று ஆட்டோ ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய குரலோ கொஞ்ச நேரம் இல்லை. வருஷக்கணக்கில், இலவசமாக, ஊர் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது.

மறுநாள் ஷாஜியின் கடையில் போய் நின்றான். ஷாஜி யாருடையதோ போனின் வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தான்.

“ஷாஜி, மோனே. நேத்து ரெக்கார்டிங் இருந்துச்சா?”

“நேத்தா? நேத்து… ஞாயிறல்லே இக்கா.”

“அதான் கேக்கறேன்.”

“சின்னதா ஒண்ணு. அத்தியாவசியமா ஒண்ணுமில்ல.”

“என் குரல் கேட்டுச்சே.”

ஷாஜி ஸ்க்ரூவைத் தேடினான். ஸ்க்ரூ அவன் கையிலேயே இருந்தது. “இக்காவோட குரல் எங்கதான் கேக்கல? நீங்க ஃபயாஸ்கிட்ட கேளுங்க. நான் சும்மா பட்டன் அமுக்கற ஆளாக்கும்.”

ஃபயாஸ் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு யானை படம் போட்ட கவரைக் காட்டிக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும் அவனுக்கு அந்தப் பெண்மணிமேல் திடீரென்று அக்கறை அதிகமாகிவிட்டது. ஒட்டகம் காட்டினான், மயில் காட்டினான், அவள் வேண்டாம் என்ற பிறகும் காட்டினான்.

“ஃபயாஸ், நான் நாடகத்துல இருக்கேனா?”

“மாமா, சாயா குடிச்சீங்களா?”

“குடிச்சேன். இருக்கேனா?”

“என்ன மாமா நீங்க. நீங்க இல்லாம எப்படி?”

“அப்ப வசனம் ஏன் வரல?”

“வரும் மாமா. பாக்கலாம். கதை கொஞ்சம் மாறியிருக்கு. மாமிக்குச் சுகமா?”

கேரளத்தில் பிறந்து வளர்ந்த மனிதனுக்கு “பாக்கலாம்” என்றால் என்ன என்று தெரியாதா? ‘இல்லை’ என்பதற்குச் சட்டை போட்டுவிட்டால் ‘பாக்கலாம்’.

வீட்டில் ஜுமைலா கேட்டுவிட்டுச் சிரித்தாள். “உங்க குரலைத் திருடிட்டாங்களா? யாரு அந்தப் புண்ணியவான்? நான் இத்தனை நாளா யாராவது எடுத்துட்டுப் போங்கன்னு நிக்கறேன்.”

“நீயும் அவங்களோட கூட்டா?”

“ஃபயாஸ் வந்தான், பேசினான், போனான்.”

“என்ன பேசினான்?”

“அவன் உங்ககிட்ட சொல்லாததை நான் சொல்லணுமா? மீன் வாங்கிட்டு வாங்க.”

ஆக, வீட்டுக்குள்ளும் ஜலமண்டலம் நுழைந்துவிட்டது. சைபுதீன் அன்று ஒரு முடிவுக்கு வந்தான்: இனி ஒரு சொல்லும் வெளியே விடக் கூடாது. இருக்கிற குரலையாவது காப்பாற்ற வேண்டும். போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினான். மத்தி மீனுக்கு விரலைக் காட்டினான், விலைக்குப் புருவத்தைக் காட்டினான். மைக் வண்டிக்காரன் ஊமையாகிவிட்டான் என்று மீன்கடையில் இரண்டு பேர் பரிதாபப்பட்டார்கள். ஜுமைலா மட்டும் அந்த ஒரு நாளை ரம்ஜானைப்போலக் கொண்டாடினாள். பகலில் படுத்துத் தூங்கினாள்.

ஆனால் பேசாமல் இருந்தால் உண்மை வெளியே வராது. அப்போதுதான் அவனுக்கு நாடகத்தின் மூன்றாம் பாகம் ஞாபகம் வந்தது. அதில் ஜலமண்டலத்தின் குரல் ஒரு தந்திரம் செய்யும். தெருவுக்கு ஒரு வதந்தியாகப் போட்டுவிட்டு, எந்த வதந்தி எந்தக் கதவு வழியாகத் திரும்பி வருகிறது என்று பார்த்து, யார் யாரோடு ரகசியமாகப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும். நல்ல தந்திரம். அதைப் பேசிய வாய் அவனுடையது என்பதால், அவனுக்கு அதில் கொஞ்சம் உரிமையும் இருந்தது.

ஷாஜியிடம் போய்த் தாழ்ந்த குரலில், தொண்டையில் ஏதோ கட்டி என்று டாக்டர் சந்தேகப்படுகிறார், யாரிடமும் சொல்லாதே என்றான். ஃபயாஸிடம், வண்டியை விற்றுவிட்டுப் பாலக்காட்டில் மச்சான் அரிசிக் கடைக்குப் போகலாம் என்றிருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே என்றான். ஜுமைலாவிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அங்கேயே பிடித்துவிடுவாள்.

மறுநாள் சாயங்காலமே திரும்பி வந்தது. வந்த கதவுதான் அவன் எதிர்பார்க்காதது.

பாலையா வந்திருந்தார். கையில் ஒரு பாட்டில். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“பாய், சரோஜா இதைக் குடுக்கச் சொன்னா. சுக்கும் நல்லமிளகும் கருப்பட்டியும் போட்டது. தொண்டைக்கு. கொஞ்சம் கொஞ்சமாச் சூடு பண்ணிக் குடிக்கணுமாம்.”

சைபுதீன் பாட்டிலை வாங்கினான். இன்னும் சூடாக இருந்தது.

“அப்புறம்,” பாலையா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், “வண்டியை விக்கறீங்களாமே? அவ கேக்கச் சொன்னா. நிஜம்தானான்னு.”

“யாரு சொன்னா அண்ணே?”

“என்கிட்ட யாரும் எதுவும் சொல்றதில்ல பாய். நான் பாட்டில் கொண்டு வந்தேன்.”

அவர் போய்விட்டார். இரண்டு தெருவில் போட்ட இரண்டு வதந்தியும் ஒரே வீட்டில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஷாஜியும் ஃபயாஸும் சரோஜம்மா வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். தந்திரம் பலித்துவிட்டது. பலித்த தந்திரம் ஒரு பாட்டில் கஷாயமாகக் கையில் சுட்டது. ஒற்றைக் கையால் மிளகை இடித்திருக்கிறாள். மிளகு கூட சரியாக இடிபடவில்லை. பாதி முழுசாக மிதந்தது. இல்லாத கட்டிக்கு அதைக் குடிக்கவும் முடியாமல், கொட்டவும் மனம் வராமல், சைபுதீன் பாட்டிலோடு கிளம்பினான். சந்தேகம் அவனை முன்னால் இழுத்தது. வெட்கம் பின்னால் இழுத்தது. ஆட்டோவை எடுத்தால் தெரு முழுக்கப் பார்க்கும் என்று நடந்தே போனான்.

சரோஜம்மா வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தட்டக் கையைத் தூக்கினான்.

“ம்க்கும். க…வனிக்கவும்.”

கை அப்படியே நின்றது. அதே கனைப்பு, அதே இழுப்பு, அதே அரை மூச்சு. ஆனால் குரல் ஒரு பெண்ணுடையது. அவனே பெண்ணாகப் பிறந்து, சுக்குக் கிடங்கில் வேலை பார்த்திருந்தால் எப்படிப் பேசுவானோ அப்படி இருந்தது.

கதவு தானாகக் கொஞ்சம் திறந்தது. சரோஜம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை, கழுத்தில் மாட்டிய துணித் தூளியில். எதிரே ஸ்டூல்மேல் ஒரு டம்ளர், டம்ளரில் சாய்த்து வைத்த போன். போனில் ஃபயாஸ் ஒரு வரி சொன்னான். அவள் அதை சைபுதீனாகத் திருப்பிச் சொன்னாள்.

அவனைப் பார்த்தவள் திடுக்கிடவில்லை. போனை மட்டும் குப்புறக் கவிழ்த்தாள்.

“வா தம்பி. தொண்டை எப்படி இருக்கு?”

“தொண்டைக்கு ஒண்ணுமில்ல அக்கா. சும்மா சொன்னேன்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். உனக்குத் தொண்டைல கட்டி வந்தா அதையும் மைக் வச்சுல்லே சொல்லுவே.”

“அப்புறம் எதுக்கு அக்கா ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு இதெல்லாம்?”

“ஒருவேளை நிஜமா இருந்தா?” என்றாள். பிறகு மெதுவாக, “முந்தியெல்லாம் நீ ஒண்ணு சொன்னா எனக்கு இந்த ‘ஒருவேளை’ வராது” என்றாள்.

அவன் பாட்டிலை ஸ்டூலில் வைத்தான். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே இருந்தான்.

“அப்ப அந்தக் குரல் நீங்களா?”

“நான்தான்.”

“மெஷின் இல்லையா?”

“ஷாஜி அந்த மொபைல்ல ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக் கீழே இழுப்பான். குரல் தடியாயிடும். கனைப்பு, இழுப்பெல்லாம் என்னோடது.”

“என்னோடது அக்கா.”

“சரி. உன்னோடது. சண்டைக்கு வராதே.”

“எப்படி அக்கா அப்படியே வருது?”

“எத்தனை வருஷமா அந்த வாசல்ல உட்கார்ந்து சுக்கு பொறுக்கறேன். முதலாளி ரேடியோ வைக்க விட மாட்டாரு. நீ போவே, நீ வருவே. எங்களுக்கு வேற என்ன பாட்டு இருந்துச்சு? கிடங்குல எல்லாப் பொம்பளைங்களும் உன்னை மாதிரி பேசுவாங்க. அந்தப் பாக்கியலக்ஷ்மி என்னைவிட நல்லாப் பண்ணுவா.”

தன்னைப் போலப் பேசுகிற ஒரு கிடங்கு நிறையப் பெண்கள் ஊருக்குள் இருக்கிறார்கள் என்பதை ஜீரணிக்க சைபுதீனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியில் உட்கார்ந்துவிட்டான்.

“எல்லாருக்கும் தெரியும், அல்லே? ஜுமைலாவுக்கும்.”

“தெரியும். நான்தான் யாரும் சொல்லாதீங்கன்னேன். மூஞ்சியைப் பாத்து நானே சொல்லிக்கறேன்னேன். நீ வந்தப்போ சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ பழத்தைப் பத்திப் பேசிட்டே இருந்தே.”

“கோபம்தானே அக்கா?”

“கோபம் இருந்தா அந்த சீப்பை எடுத்து அன்னிக்கே உன் தலைல போட்டிருப்பேன். நல்ல பழம். ரெண்டு நாள் வச்சுத்தான் தின்னோம்.”

சைபுதீன் அவளுடைய கட்டைப் பார்த்தான். விரல் நுனிகள் வீங்கி, நகத்தில் சுக்குத் தூள் இன்னும் போகாமல் இருந்தது.

“என்னை மன்னிச்சிருங்க அக்கா. அன்னிக்கே கேட்டிருக்கணும். வாய் வரல. ஊருக்கே பேசற வாய்.”

“ம்.”

“பென்டிரைவை உடைச்சுப் போட்டுட்டேன். ரெண்டையும். இனிமே ஒண்ணோட ஒண்ணு கலக்காது. சத்தியம்.” அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். “யாரைக் கேட்டாலும் சாயா குடிச்சியாங்கறாங்க, பாக்கலாங்கறாங்க. எனக்கு மண்டை காயுது. நீங்களாவது நேரா சொல்லுங்க. கடைசிப் பாகத்துலயாவது எனக்கு இடம் இருக்கா, இல்லையா?”

சரோஜம்மா தூளியைச் சரி செய்துகொண்டாள். அவனை நேராகப் பார்த்தாள்.

“இல்ல” என்றாள்.

இத்தனை நாள் துரத்திய பதில், வந்து எதிரே நின்றது. அவனுக்கு வலித்தது. கூடவே, தோளிலிருந்து ஏதோ சாக்கை இறக்கி வைத்ததுபோலவும் இருந்தது.

“ஏன்னு கேக்கலாமா அக்கா?”

“கேளு. ஃபயாஸ் வேணாம்னு சொல்லல. அவனுக்கு நீ வேணும். நான்தான், சைபு அதைப் பேசினா கிடங்குச் சாவியும் கிடையாது, நானும் வர மாட்டேன்னுட்டேன். கை ஒடிஞ்சதுக்காக இல்ல. பழம் கொண்டு வந்தியே, அன்னிக்குக் காலைல நீ போலியோ சொட்டு மருந்துன்னு சொல்லிட்டுப் போனே. எதிர் வீட்டுப் பொண்ணு பிள்ளையைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்தவ, அப்படியே நின்னுட்டா. என்னைப் பாக்கறா. இது நிஜமா நாடகமான்னு. நானும் சொல்லத் தெரியாம நின்னேன்.”

அவள் கவிழ்த்து வைத்த போனைத் திருப்பி மறுபடி டம்ளரில் சாய்த்தாள்.

“பொய் சொல்ற குரல் நாடகத்துக்கு வேணும். அதை நான் பேசிக்கறேன். பேசறது நான்தான்னு ஃபயாஸ் முதல்லயே சொல்லிடுவான்; அது பொய்னு எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. ஆனா தெருவுல நீ வந்து ஒண்ணு சொன்னா, நான் யோசிக்காம எழுந்து ஓடணும் தம்பி. அதுக்கு நீ ஒருத்தன்தான் இருக்கே. அதனாலதான் நீ வேண்டாம்.”